புதுப்பிப்பு: ஏர் ரைபிள் குண்டு சிதறல் சரியாகிவிட்டது

10 மீட்டரில் என் 4.5 மி.மீ. ஸ்பிரிங் ரைபிளில் சுடும் குண்டுகள் ஒரே இடத்தில் படாமல் 40 மி.மீ. அகலத்துக்குச் சிதறுகின்றன, ஏன் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஸ்டாக்கை (ரைபிளைப் பிடிக்கும் கட்டை) இணைக்கும் ஸ்க்ரூவைப் பார்க்கச் சொன்ன அண்ணா சொன்னதே சரி. முன்பக்க ஸ்க்ரூக்கள் இரண்டும் தளர்ந்திருந்தன. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, நீல லாக்டைட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு முடுக்கியதும் சிதறல் 25 மி.மீ. ஆனது.

பிறகு பிரீச் மூட்டின் (குழலின் பின்முனை வந்து பூட்டும் இடம்) மேல் டிஷ்யூத் துண்டு வைத்துச் சுட்டேன். துள்ளியது, அதாவது காற்றுக் கசிவு. கடையில் புது ஓ-ரிங் (அந்த மூட்டை அடைக்கும் ரப்பர் வளையம்) வாங்கிப் போட்டு, அடியில் மெல்லிய பிளாஸ்டிக் ஷிம் (இடைவெளியை நிரப்பும் தகடு) வைத்தேன். 1 மி.மீ. ஷிம்முக்குக் குழல் முழுதாகப் பூட்டவில்லை; 0.3 போதும். இப்போது 14 மி.மீ.

எதிர்பாராதது: கசிவு நின்றதும் குண்டு படும் இடமே மாறியது. சைட்டை (குறி பார்க்கும் பாகம்) கடைசியில் மட்டும் திருப்புங்கள். ஸ்பிரிங்கைத் தொடவே தேவைப்படவில்லை.