மாப்பிள்ளையையே தூக்கிக் கொடுக்கிறாள், இது தியாகமா?

சங்கரி_திருச்சி:
‘அவள் ஒரு தொடர்கதை’யை (1974) நேற்று மறுபடி பார்த்தேன். தன் சம்பளத்தில் மொத்தக் குடும்பத்தையும் தாங்கும் மூத்த மகள் கவிதா. அவள் கல்யாண வீட்டிலேயே அண்ணன் கொலையாகிவிட, தனக்கு வந்த மாப்பிள்ளையைத் தங்கைக்குக் கட்டிவைத்துவிட்டுப் பழையபடி வேலைக்குக் கிளம்புகிறாள். இந்த இடத்தில் என் அம்மா எப்போதும் முந்தானையைத் தேடுவார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஏற்கெனவே காதலித்த திலக்கையும் விதவைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்தவள் அவள். இரண்டு தடவையா!

ஆண்கள் பெண்ணைக் கொடுத்து வாங்கித்தான் தங்களுக்குள் உறவு ஏற்படுத்திக்கொள்கிறார்கள், அங்கே பெண் வெறும் பரிசுப்பொருள் என்று அமெரிக்க மானுடவியலாளர் கேல் ரூபின் 1975-இல் எழுதினார். இந்தப் படத்தில் கொடுப்பவள் பெண், கைமாறுபவன் ஆண். அப்படியும் கவிதாவின் கை ஓங்கவில்லையே, ஏன்?

ஆபரேட்டர்_மணி:
ஏம்மா, கவிதா என்ன வாயில்லாப் பூச்சியா? வீட்டில் ஒருத்தரை விடாமல் வறுத்தெடுப்பாளே! கவிதாவாக நடித்த சுஜாதாவுக்கு அது முதல் தமிழ்ப் படம். அழுது வடியும் கதாநாயகிகளையே பார்த்துப் பழகிய எங்களுக்கு அந்தச் சிடுசிடுப்பு புதுசு.

சங்கரி_திருச்சி:
அந்தச் சிடுசிடுப்புதான் சார் எனக்கும் பிடிக்கும். போட்ட சோற்றைச் சொல்லிக்காட்டுகிற பெண்ணைத் தெய்வமாக்க முடியாது. அதனால்தான் கடைசி ரீலில் அவள் வாயை அடைத்துவிடுகிறார்கள்.

ஹௌரா_தமிழச்சி:
ரித்விக் கட்டக்கின் வங்காளப் படம் ‘மேகே டாக்கா தாரா’ (1960) பாருங்கள் அக்கா. பிரிவினையில் ஊரைவிட்டு வந்த குடும்பம், கல்கத்தா ஓரத்தில் அகதிக் குடியிருப்பு. மூத்த மகள் நீதா கைக்கு டியூஷன் பணம் வந்ததும் தங்கைக்குப் புடவை, தம்பிக்கு ஃபுட்பால் ஷூ. அவள் செருப்பு வார் அறுந்தபடியே கிடக்கிறது. இவள் கல்யாணமாகிப் போனால் வருமானமும் போகுமே என்று அம்மாவுக்கு உள்ளூர பயம். காதலன் சனத் தங்கை பக்கம் சாய்ந்தது தெரிந்து நீதா படியிறங்கும்போது, காட்சியில் சாட்டையே இல்லை, ஆனால் சாட்டையடிச் சத்தம் கேட்கும். கடைசியில் காசநோய், ஷில்லாங் மலையில் சானடோரியம். பார்க்க வந்த அண்ணனிடம், ‘நான் வாழத்தான் ஆசைப்பட்டேன்’ என்று கதறுகிறாள்.

சங்கரி_திருச்சி:
அந்தக் கதறலைத்தான் கவிதாவிடம் எதிர்பார்த்தேன் போல. பெண்ணைக் கொடுத்தவனுக்குச் சம்பந்தி கிடைக்கிறான், நாளைக்கு ஒரு கஷ்டமென்றால் போய் நிற்க ஒரு வாசல் இருக்கிறது. மூத்த மகள் கொடுத்தால் அது கடன் கணக்கிலேயே ஏறுவதில்லை. ‘நல்ல பொண்ணு’ என்று பெயர் வரும். அந்தப் பெயரைச் சொல்லியே மறுபடியும் கேட்பார்கள். எங்கள் அத்தைக்கு அப்படித்தான் ஐம்பது வயதுவரை போனது.

கறிவேப்பிலை:
டென்மார்க் படம் ‘பாபெட்ஸ் ஃபீஸ்ட்’ (1987) இதற்கு நேரெதிர். பாபெட் லாட்டரியில் விழுந்த 10,000 பிராங்கையும் ஒரே விருந்தில் கரைக்கிறாள். அவள் வேலை பார்க்கும் வீட்டின் சகோதரிகள் பதறினால், ‘உங்களுக்காக மட்டும் செய்யவில்லை’ என்கிறாள். பாரிஸில் பெரிய உணவகத்தில் தலைமைச் சமையல்காரியாக இருந்தவள். தன் கைவண்ணத்தை இன்னொரு தடவை காட்ட அவளுக்கே ஆசை.

சங்கரி_திருச்சி:
அங்கேயும் அடுப்படிதானா! ஆனால் ‘உங்களுக்காக மட்டும் இல்லை’ என்று சொல்ல முடிந்ததே, அது பிடித்திருக்கிறது. மணி சார், திலக்கை விட்டால் கவிதாவுக்கு வேறு எதில் ஆசை என்று அந்தப் படத்தில் எங்காவது வருகிறதா? எனக்கு எதுவும் தட்டுப்படவில்லை.