மூக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் தண்டில் விளிம்பு தெரிகிறது, ஃபில்லர் போடலாமா?

தண்டையார்பேட்டை வாசி:

வணக்கம். சின்ன வயதிலிருந்தே என் மூக்குத் தண்டில் ஒரு மேடு. போன ஆடி கழிந்ததும் அதை எடுக்க ஆபரேஷன் செய்துகொண்டேன். மேடு போய்விட்டது, அது வரைக்கும் சந்தோஷம்தான். ஆனால் வீக்கம் வற்ற வற்ற, கண்ணாடி உட்காரும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே இடது பக்கத்தில் எலும்பு விளிம்பு ஒன்று தெரிய ஆரம்பித்திருக்கிறது. விரலால் தடவினால் நெருடுகிறது, வலி இல்லை. எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை எனக்கு, தலைக்கு மேலேயே லைட், எதிரே ஆளுயரக் கண்ணாடி, நாள் முழுக்க அந்த நிழல்தான் கண்ணில் படுகிறது.

செய்த டாக்டர் ஒரு வருஷம் பொறுக்கச் சொல்கிறார். அதற்குள் வீட்டுப் பக்கத்தில் ஒரு அழகு கிளினிக்கில் விசாரித்தேன், தோலுக்கு அடியில் ஜெல் நிரப்பும் ஃபில்லர் ஊசி ஒன்று போட்டால் பத்து நிமிஷத்தில் சமமாகிவிடும் என்கிறார்கள். வைகாசியில் தங்கை கல்யாணம். போட்டோவில் இப்படி விழுந்துவிடுமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. இது தானாகச் சரியாகுமா, இல்லை மறுபடி கத்திதானா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் அக்கா:

தங்கச்சி, முதலில் பயப்படாதே. எனக்கும் இதே பிரச்சினை இருந்தது, இரண்டாவது ஆபரேஷனில் சரி செய்தார்கள், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

மூக்கெலும்பும் கீழே இருக்கும் குருத்தெலும்பும் சேரும் இடம் இருக்கிறதே, தண்டிலேயே தோல் ரொம்ப மெல்லியது அங்கேதான். மேட்டைச் சீவி எடுக்கும்போது ஒரு சின்ன முனை மிஞ்சினாலும், அரம் போட்டு ராவிய தூள் ஒரு ஓரத்தில் தங்கினாலும், வீக்கம் இருக்கும் வரை தெரியாது, வற்றியதும் வெளியே தெரியும். சிலருக்கு அது வெறும் வீக்கமாகவோ தழும்பாகவோ இருந்து மெல்லக் கரைந்துவிடும். காலையில் கூடுதலாகவும் சாயங்காலம் குறைவாகவும் தெரிந்து, அழுத்தினால் மெத்தென்று இருந்தால் பெரும்பாலும் வீக்கம்தான். எப்போது தொட்டாலும் ஒரே இடத்தில் ஒரே கூர்மையாக நின்றால் எலும்பு. எனக்கு எலும்பு. டாக்டர் வருஷம் கழியட்டும் என்றார். உள்ளே தழும்பு இளகித் தோல் அடங்கினால்தான் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று தெரியுமாம், அவசரத்தில் திறந்தால் வீங்கிய மூக்கை அளந்து வெட்டியதாகிவிடுமாம்.

எனக்கு மூக்குத் துவாரம் வழியாகவே உள்ளே போய் அந்த முனையை ராவி எடுத்தார்கள். மேலே தோல் மெல்லியதாக இருந்ததால் காதுக்கு மேலே முடிக்குள் ஒரு சின்னக் கீறல் போட்டு, அங்கே தசையை மூடியிருக்கும் சவ்வில் ஒரு துண்டு எடுத்துத் தண்டில் விரித்தார்கள். தழும்பு முடிக்குள் மறைந்துவிட்டது. இன்றைக்கும் தடவினால் லேசாகத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது, எனக்கு அது போதும்.

ராயபுரம் நர்ஸ்:

பெரம்பூர் அக்கா சொன்னது சரி. நான் ஃபில்லரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் பத்து நிமிஷ வேலை என்று நினைத்துப் போய்விடக் கூடாது.

மூக்குத் தண்டில் ஓடும் ரத்தக்குழாய்க்கும் கண்ணுக்குப் போகும் ரத்தக்குழாய்க்கும் தொடர்பு உண்டு. ஃபில்லர் தவறிக் குழாய்க்குள் போனால் தோல் கறுத்து அழுகலாம், அபூர்வமாகப் பார்வையே போய்விடலாம். முகத்தில் ஃபில்லருக்கு ஆபத்தான இடங்களில் மூக்கும் ஒன்று. அதிலும் ஏற்கெனவே ஆபரேஷன் ஆன மூக்கில் தழும்பு இருக்கும், குழாய்கள் பழைய இடத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது. அனுபவமுள்ள பிளாஸ்டிக் சர்ஜன்கள் சின்னப் பள்ளத்துக்கு ஹையலூரானிக் அமிலம் என்ற வகை ஃபில்லர் போடுவது உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அதைக் கரைக்க ஹையலூரானிடேஸ் என்ற மருந்து இருக்கிறது, அது அந்த அறையிலேயே தயாராக இருக்க வேண்டும். வேறு வகை ஃபில்லர் என்றால் இந்த மருந்துக்குக் கரையாது. ஊசி போட்டதும் கடும் வலி, தோல் வெளுப்பது, திட்டுத்திட்டாக நிறம் மாறுவது, பார்வை மங்குவது, இதில் எது வந்தாலும் அந்த நிமிஷமே சொல்ல வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று வீட்டுக்குப் போகக் கூடாது. போடுபவர் டாக்டரா, பிளாஸ்டிக் சர்ஜரி மேல்படிப்பான எம்.சி.எச். படித்தவரா, கரைக்கும் மருந்து கையில் இருக்கிறதா என்று அந்தக் கிளினிக்கில் கேளுங்கள், பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று, ஸ்டீராய்டு ஊசி போட்டால் கரையும் என்று யாராவது சொல்வார்கள். அது வீக்கத்துக்கும் தடித்த தழும்புக்கும்தான், எலும்பு விளிம்புக்கு ஒன்றும் செய்யாது. அளவு மீறினால் தோல் இன்னும் மெலிந்து, இருக்கிற விளிம்பு இன்னும் நன்றாகத் தெரியும்.

தண்டையார்பேட்டை வாசி:

ரொம்ப நன்றி அக்கா, நர்ஸம்மா. நான் தொட்டுப் பார்த்தேன், காலையும் மாலையும் அதே கூர்மைதான். அப்புறம் ஒன்று சொல்ல விட்டுவிட்டேன், இரவில் படுத்தால் இடது பக்க மூக்கு அடைத்த மாதிரி இருக்கிறது. ஜலதோஷம் இல்லை. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமா?

ராயபுரம் நர்ஸ்:

இருக்கலாம், இதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். மேட்டை எடுக்கும்போது நடுச்சுவரோடு சேர்ந்திருக்கும் மேல் குருத்தெலும்பு பிரிந்து உள்ளே சரிந்தால் தண்டின் நடுவில் தலைகீழ் வி மாதிரி நிழல் விழும், உள்ளே காற்றுப் பாதையும் குறுகும். கண்ணாடி முன்னால் நின்று இடது கன்னத்தை விரலால் மெதுவாக வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்து மூச்சை உள்ளே இழுத்துப் பாருங்கள். உடனே இலகுவாகத் தெரிந்தால் அந்த வழி குறுகியிருக்கலாம், ஆனால் அது மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, உள்ளே பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படி இருந்தால் ஃபில்லர் வெளியே தெரியும் நிழலை மறைக்குமே தவிர மூச்சுக்கு உதவாது. நடுச்சுவரிலோ காதிலோ குருத்தெலும்பு எடுத்துப் பட்டையாகச் சீவி அந்த இடைவெளியில் தாங்கலாக வைப்பார்கள், வடிவமும் மூச்சும் சேர்ந்து சரியாகும்.

இன்னொரு அபிப்பிராயம் வேண்டுமென்றால் பழைய ஜெயில் ரோட்டில் நம்ம ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது, பிளாஸ்டிக் சர்ஜரி, இஎன்டி இரண்டும் உண்டு. மூச்சு அடைப்பை முதலில் சொல்லுங்கள். போகும்போது முதல் ஆபரேஷன் குறிப்பை எடுத்துப் போங்கள், எங்கே வெட்டினார்கள், நடுச்சுவர்க் குருத்தெலும்பு மிச்சம் இருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002 மருத்துவ ஒழுக்க விதியிலேயே இருக்கிறது.

பெரம்பூர் அக்கா:

தங்கச்சி, கல்யாண போட்டோவுக்காக மூக்கில் ஊசி போட்டுக்கொள்ளாதே. போட்டோகிராஃபரிடம் முன்கூட்டியே சொல், தலைக்கு நேர் மேலே லைட் வைக்காமல் முன்னால் இருந்து மென்மையாக அடிக்கச் சொல், விளிம்பு நிழலே விழாது. மேக்கப் போடும் பெண்ணிடமும் இடத்தைக் காட்டு, பளபளப்பு எதுவும் தண்டில் வேண்டாம் என்று சொல். மாசத்துக்கு ஒரு தடவை ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் நேரே, இடது, வலது என்று போட்டோ எடுத்து வை, ஆடியில் டாக்டரிடம் காட்டும்போது மாறியிருக்கிறதா என்று அவருக்கே தெரியும். மூச்சு அடைப்பை மட்டும் ஆடி வரைக்கும் தள்ளிப்போடாதே, இந்த வாரமே போய்க் காட்டு. என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுது.