வாட்ஸ்அப் செய்தியை நிரூபிக்கச் சான்றிதழ் மட்டும் போதுமா?

(கறுப்பங்கி, வாய்தா, சாட்சிக்கூண்டு என்ற புனைபெயர்களில் மூவர் விவாதிக்கிறார்கள்.)

கறுப்பங்கி: கடன் வழக்கில் ‘பணம் வந்தது, மார்ச்சில் திருப்பித் தருகிறேன்’ என்ற வாட்ஸ்அப் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிரிண்ட் போட்டு, பாரதிய சாட்சிய சட்டம் 63(4) சான்றிதழோடு (மின்னணுப் பதிவின் நகல் எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று உறுதிகூறும் சான்றிதழ்) தாக்கல் செய்தால் போதும். சான்றிதழ் கட்டாயம் என்று 2020-ல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது. போனை ஏன் கோர்ட்டுக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்?

வாய்தா: அதே தீர்ப்பை முழுசாகப் படியுங்கள் சார். போனின் உரிமையாளரே கூண்டேறி அசல் போனைக் காட்டி நிரூபித்தால் சான்றிதழே தேவையில்லை என்றும் அதில் இருக்கிறது. சான்றிதழ் ஆவணத்தை உள்ளே விடும், அவ்வளவுதான். எழுதியது எதிராளிதான் என்று அது சொல்லாது. ஸ்கிரீன்ஷாட்டின் தலையில் ‘முருகன் அண்ணன்’ என்று இருக்கும், எண் இருக்காது. அந்தப் பெயரைச் சேமித்ததே வாதிதானே? குறுக்கு விசாரணையில் இந்த ஒரு கேள்விக்கே சாட்சி திணறிப்போவார்.

கறுப்பங்கி: வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் போன் செத்துப்போனால்? புதுப் போனில் பேக்கப்பை இறக்கினால் அது அசல் போன் ஆகுமா? அதற்காகத்தான் புதுச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறியீட்டைக் கேட்கிறார்கள். பகுதி ‘அ’வில் தரப்பினர், பகுதி ‘ஆ’வில் நிபுணர் கையெழுத்து. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். இதைவிட என்ன பாதுகாப்பு வேண்டும்?

வாய்தா: ஹாஷ் எடுத்தது எதன்மேல்? ஸ்கிரீன்ஷாட் படத்தின்மேல் என்றால், அதன்பிறகு அந்தப் படம் மாறவில்லை என்பது மட்டுமே நிரூபணம். போனில் என்ன இருந்தது என்பதற்கு அது பேசாது. இன்னொன்று, கட்சிக்காரர் அந்தப் படத்தை வக்கீலுக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்புவார். அது சுருக்கப்பட்டு வேறு கோப்பாகிவிடும், ஹாஷ் பொருந்தாது. பென் டிரைவில் நேரடியாக நகலெடுக்கச் சொல்லுங்கள்.

சாட்சிக்கூண்டு: இருவரும் ஆட்சேபனையை மறந்துவிட்டீர்கள். சான்றிதழ் இல்லை என்பது நிரூபண முறை பற்றிய ஆட்சேபனை. ஆவணத்துக்கு எண் கொடுத்துச் சான்றாவணமாகக் குறியீடு செய்யும்போதே எழுப்ப வேண்டும். மேல்முறையீட்டில் முதன்முறையாக எழுப்ப முடியாது என்று 2017-ல் சோனு வழக்கில் சொல்லப்பட்டது. புதுச் சட்டம் அமலுக்கு வந்த 1.7.2024-க்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்கென்றால் பழைய இந்திய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ்தான்.

கறுப்பங்கி: சரி, ஆனால் வாய்தா, நீங்கள் கேட்பதெல்லாம் சாட்சியத்தின் மதிப்பைப் பற்றியது. ஆவணம் சாட்சியமாக ஏற்கப்படுவதற்குச் சான்றிதழ் போதும் என்பதில் மாற்றமில்லை.

வாய்தா: ஏற்கப்பட்ட ஆவணத்தை வைத்துக்கொண்டே வழக்குத் தோற்கலாமே! எண்ணின் சந்தாதாரர் விவரத்துக்குத் தொலைபேசி நிறுவனத்துக்குச் சம்மன் கேட்டு மனுப் போடுங்கள். முன்பின் செய்திகளோடு முழு உரையாடலையும் தாக்கல் செய்யுங்கள். போன் உயிரோடு இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள்.