ஆடு, மாடு இரண்டுக்கும் சினை பார்க்க ஒரே புரோப் போதுமா?

காராம்பசு: ஊர் ஊராகப் போய்ச் சினை பார்க்க பேட்டரி ஸ்கேன் மெஷின் தேடுகிறேன். புதுசு கட்டுப்படியாகாது. 7.5 மெகாஹெர்ட்ஸ் லீனியர் ரெக்டல் புரோப் (ஆசனவாய் வழியே உள்ளே விட்டுப் பார்க்கும், நேரான முகமுள்ள ஸ்கேன் முனை) ஒன்றே போதும் என்கிறார் விற்பவர். சரியா? பழைய மெஷினில் எதைச் சோதிப்பது? ஜெல் செலவையும் குறைக்கணும்.

கொடியாடு: மாட்டுக்குப் போதும் டாக்டர். சினை ஊசி போட்ட முப்பதாம் நாள் வாக்கில் கருவின் துடிப்பே தெரியும். முதலில் சாணத்தை முழுக்க எடுத்துவிடுங்கள். நடுவில் சாணமோ காற்றோ நின்றால் படமே வராது. கையுறைக்குள் புரோப்பை விடுவதானால் உள்ளேயும் ஜெல் வேண்டும். மாட்டுக்கு மாடு உறையை மாற்றுங்கள்.

ஆட்டை வயிற்றின் மேலிருந்து பார்க்க 3.5–5 மெகாஹெர்ட்ஸ் கான்வெக்ஸ் (வளைந்த முகமுள்ள புரோப்) தான் வசதி, 7.5 ஆழம் போகாது. வலப்பக்கம், மடிக்கு முன்னால் மயிரில்லாத தொடையிடுக்கில் வையுங்கள். குட்டி எண்ண 45–90 நாள் நல்ல காலம். கருப்பாக நீர் தெரிந்ததும் சினை என்று சொல்லிவிட வேண்டாம். மூத்திரப்பையும் அப்படித்தான் தெரியும், பொய்ச்சினையிலும் கருப்பையில் நீர் கோத்திருக்கும். குட்டியோ துடிப்போ கண்ணில் படணும்.

ஒலிக்கீற்று: பழைய மெஷினுக்கு ஒரு பேப்பர் கிளிப் போதும். புரோப்பைத் துடைத்து, ஜெல் போடாமல், கிளிப்பின் கம்பியை புரோப் முகத்தின் குறுக்கே வைத்து மெல்ல நகர்த்துங்கள். திரையில் ஒரு வெள்ளைக் கீற்று கூடவே நகரும். எந்த இடத்தில் மங்குகிறதோ அங்கே ஒலியை அனுப்பி வாங்கும் கிரிஸ்டல் செத்திருக்கிறது. ஓரத்தில் ஒன்றிரண்டு என்றால் சமாளிக்கலாம், நடுவில் என்றால் வாங்காதீர்கள். கேபிளை ஆட்டும்போது கருங்கோடு வந்து வந்து போனால் உள்ளே ஒயர் அறுந்திருக்கும்.

ஜெல்லுக்கு: சோள மாவு (கடையில் விற்கும் வெள்ளை கார்ன்ஃப்ளார்) 1 பங்கு, தண்ணீர் 10 பங்கு. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கஞ்சி பளபளக்கும்வரை கிளறி ஆறவிடுங்கள். காங்கோவில் இதைக் கடை ஜெல்லோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். படத்தில் பெரிய வித்தியாசமில்லை. மறுநாள் புளித்துவிடும், அன்றன்றைக்குக் காய்ச்சணும். புண்மேல் கூடாது. ஜெல்லுக்குப் பதில் ஸ்பிரிட் தெளிப்பவர்கள் உண்டு. புரோப்பின் ரப்பர் முகம் சீக்கிரம் வெடிக்கும்.

காராம்பசு: அப்போ கான்வெக்ஸும் சேர்த்தே பார்க்கிறேன்.

கொடியாடு: அங்கேதான் சிக்கல். கருவின் பாலினத்தைக் காட்டக்கூடிய மெஷினைப் பதிவில்லாதவருக்கு விற்கவே கூடாது என்கிறது 1994 பாலினத் தேர்வுத் தடைச் சட்டம். கான்வெக்ஸ் மாட்டினால் மனிதர்க்கும் பயன்படும். முன்பணம் கொடுக்கும் முன்பே, இந்தச் சட்டத்தைக் கவனிக்கும் மாவட்ட அதிகாரியிடம் வாங்கலாமா என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.