புதுக் கோயில்ல அஷ்டபந்தன மருந்து வெடிச்சிருச்சுங்க, ஏன்?

நொய்யல்கரை:
காங்கேயம் பக்கம் புதுசா எழுப்புன பிள்ளையார் கோயிலுங்க. மண்டலாபிஷேகம் 48 நாள் முடியறதுக்குள்ள மூர்த்தியைப் பீடத்தோட ஒட்டறதுக்கு எட்டுச் சரக்குல இடிச்சு வெச்ச மருந்துல, பீடத்தைச் சுத்தி விரிசல். 12 வருசம் தாங்கும்னாங்களே?

கல்லுளி:
மருந்தை இடிச்சது பத்தலீங்க. கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய். இந்த எட்டும் உரல்ல இடிக்க இடிக்கத்தான் சூடேறி இளகும். அவசரத்துல அடுப்புல உருக்கி ஊத்துனா ஆறுனதும் சுருங்கி வெடிச்சிரும். திரியா உருட்டி, சூடு இருக்கறப்பவே இடுக்குல அழுத்தோணும்.

மேகாட்டுத்தோட்டம்:
ஈரத்தையும் பாருங்க. பீடத்துக் குழில தண்ணியோ கல்தூளோ இருந்தா மருந்து பிடிக்காது. வெண்ணெய் குறைஞ்சாலும் உடையும், கூடுனா இளகிக்கும். சந்துல அபிஷேகப் பால் இறங்கி எறும்பு கூடு கட்டீரும். சிமெண்டு மட்டும் பூசிராதீங்க! அடுத்த தடவை பேர்க்கறப்ப பீடமே சில்லு போயிரும்.

நொய்யல்கரை:
அப்ப மறுபடி கும்பாபிஷேகமே பண்ணோணுமுங்களா?

கல்லுளி:
மூர்த்தி ஆடுதான்னு மொதல்ல பாருங்க. பந்தனம்னா கட்டு, மூர்த்தியும் பீடமும் ஒண்ணா நிக்கோணும், அதுதான் கணக்கு. ஆடுனா பாலாலயம் (வேலை முடியற வரைக்கும் தற்காலிகச் சன்னதி) பண்ணி, சாந்நித்தியத்தை, அதான் மூர்த்தியோட தெய்வ சக்தியை, கலசத்துக்கு மாத்திட்டுத்தான் கை வெக்கோணும். மேலோட்டமான விரிசல்னா சிவாச்சாரியாரைக் கேட்டுட்டு, வெடிச்ச மருந்தைச் சுரண்டிப் புதுசு சாத்துங்க. அதுவரைக்கும் குடங்குடமா ஊத்தாதீங்க.