இஸ்ரேல்–பாலஸ்தீனம்: இரு நாடுகள் என்ற தீர்வுக்கு இன்னும் இடமிருக்கிறதா?

கயல்விழி கேட்கிறார்:

2025 அக்டோபரில் காஸாவில் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்து, உயிரோடு எஞ்சியிருந்த 20 பணயக்கைதிகள் வீடு திரும்பியதையும், ஏறத்தாழ 2,000 பாலஸ்தீனர்களை இஸ்ரேல் விடுவித்ததையும் கண்டபோது, நெடுங்காலத்துக்குப் பிறகு எனக்குச் சற்று நம்பிக்கை பிறந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் பிரிட்டன், பிரான்ஸ், கனடா, ஆஸ்திரேலியா ஆகியவை பாலஸ்தீனத்தைத் தனி நாடாக அங்கீகரித்திருந்தன. இஸ்ரேலிய நாடாளுமன்றமோ, அப்படி ஒரு நாடு அமைவதையே எதிர்க்கும் தீர்மானத்தை 2024 ஜூலையில் 68க்கு 9 என்ற வாக்குகளில் நிறைவேற்றியிருக்கிறது. 1993இல் கைகுலுக்கியவர்கள் இந்த நிலைக்கு வந்தது எப்படி? இனியும் வழி இருக்கிறதா? வரலாறு அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

திருமாறன்:

வழி இருக்கிறது என்பதே என் கருத்து. ஆனால் 1993இன் ஓஸ்லோ ஒப்பந்தம் போன பாதையில் இனிப் போக முடியாது. 1993 செப்டம்பர் 13 அன்று இஸ்ரேலியப் பிரதமர் ராபினும் பாலஸ்தீன விடுதலை இயக்கத் தலைவர் அராஃபத்தும் ஏற்றுக்கொண்டது ஐந்தாண்டுக் கால இடைக்கால ஏற்பாடு மட்டுமே. எருசலேம் யாருக்கு, 1948இல் வீடிழந்த ஏழு லட்சம் பேருக்கும் அவர்களுடைய சந்ததியினருக்கும் என்ன வழி, எல்லை எங்கே, 1967 போரில் கைப்பற்றிய நிலத்தில் இஸ்ரேல் அமைத்த யூதக் குடியேற்றங்கள் என்னவாகும் என்ற பெரிய கேள்விகள் எல்லாம் கடைசிக்குத் தள்ளிவைக்கப்பட்டன. முடிவு எழுதப்படாத அந்த இடைவெளி, ஒப்பந்தத்தை வெறுத்தவர்களுக்கு வாய்ப்பாக அமைந்துவிட்டது. 1994 பிப்ரவரியில், ஹெப்ரோனின் இப்ராஹிமி பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை ஒரு யூதக் குடியேற்றவாசி சுட்டுக் கொன்றார். ஹமாஸ் என்ற பாலஸ்தீன ஆயுத இயக்கத்தின் தற்கொலைத் தாக்குதல்களில் இஸ்ரேலியப் பேருந்துகள் சிதறின. 1995 நவம்பர் 4 அன்று, டெல் அவிவில் சமாதானப் பேரணியில் பேசிவிட்டு இறங்கி வந்த ராபினை ஒரு யூதத் தீவிரவாதியே கொன்றார்.

இதற்கிடையே நிலமும் கைநழுவிக்கொண்டிருந்தது. கிழக்கு எருசலேமைச் சேர்க்காமலே, மேற்குக் கரையில் 1993இல் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்த குடியேற்றவாசிகளின் தொகை இன்று ஐந்து லட்சத்துக்கும் மேல். 1995ஆம் ஆண்டு ஒப்பந்தம் ‘சி பகுதி’ எனப் பிரித்த ஏறத்தாழ 60 விழுக்காடு நிலம் இன்றும் இஸ்ரேலின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அங்கே பாலஸ்தீனர் ஒரு சுவர் எழுப்பவும் இஸ்ரேலிய ராணுவத்தின் கீழுள்ள நிர்வாகத்திடம் அனுமதி பெற வேண்டும். அது கிடைப்பதோ மிக அரிது. எருசலேமுக்குக் கிழக்கே, கான் அல்-அஹ்மர் என்ற, பெதுயின் எனப்படும் அரபு மேய்ச்சல் இனத்தாரின் சிற்றூரில் 2009இல் பள்ளிக்கூடம் கட்டியவர்கள், கான்கிரீட் கட்டடத்துக்கு வழியில்லாமல், பழைய டயர்களை அடுக்கி மண் பூசிச் சுவர் எழுப்பினார்கள். அந்த ஊரையே இடிக்கலாம் என்று இஸ்ரேலிய உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது.

அருள்மொழி:

திருமாறன் ஐயா சொன்னவற்றை நான் மறுக்கவில்லை. ஆனாலும் இஸ்ரேலியரின் அச்சத்தைக் கணக்கில் எடுக்காத எந்தத் திட்டமும் அங்கே ஒரு தேர்தலைக்கூடத் தாண்டாது. 2005இல் காஸாவிலிருந்து சுமார் 8,000 குடியேற்றவாசிகளையும் ராணுவத்தையும் இஸ்ரேல் வெளியேற்றியது; 2007இல் ஹமாஸ் அங்கே ஆட்சியைக் கைப்பற்றியது; 2023 அக்டோபர் 7 அன்று ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டு, 251 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அன்று பெஎரி என்ற கிப்புட்ஸில் (கூட்டுப்பண்ணைக் குடியிருப்பில்) கொல்லப்பட்டவர்களுள் விவியன் சில்வரும் ஒருவர். சமாதானத்துக்கான பெண்கள் இயக்கம் ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவரான அவர், காஸாவின் நோயாளிகளை எல்லையிலிருந்து தம் காரில் ஏற்றி இஸ்ரேலிய மருத்துவமனைகளுக்கு அழைத்துச் சென்றுவந்தவர். “நிலத்தைக் கொடுத்தால் அமைதி வரும்” என்று இனி எந்த முகத்தோடு சொல்வது என்று இஸ்ரேலிய வாக்காளர் கேட்டால், அதற்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டும். காஸாவில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் புதைத்த மக்களும் இதே கேள்வியை மறுபக்கத்திலிருந்து கேட்பார்கள் என்பதையும் உணர்ந்தே இதை எழுதுகிறேன்.

மதிவாணன்:

அருள்மொழி அவர்களின் கேள்விக்கு எகிப்தில் விடை இருக்கிறது. 1973இல் இஸ்ரேலோடு கடும் போர் புரிந்த எகிப்திய அதிபர் சதாத் 1977இல் எருசலேமுக்கே சென்று பேசினார். 1979இல் உடன்படிக்கை கையெழுத்தானது. 1967இல் இஸ்ரேல் கைப்பற்றிய சினாய் தீபகற்பம் முழுவதும் எகிப்துக்குத் திரும்பக் கிடைக்கும் என்ற முடிவை முதலில் எழுதி, அதன் பிறகே படிப்படியான விலகலுக்குத் தேதி குறித்தார்கள். கண்காணிப்புக்குப் பன்னாட்டுப் படை நின்றது. குறித்தபடி 1982இல் சினாயிலிருந்த யமித் குடியேற்றத்தை இஸ்ரேலியப் பிரதமர் பெகினின் அரசே இடித்து அகற்றியது. அந்த அமைதி இத்தனை போர்களுக்கு நடுவிலும் குலையவில்லை. 2005இல் காஸாவில் நடந்ததோ, மறுதரப்போடு எந்த உடன்பாடும் இல்லாத ஒருதலையான விலகல். பொறுப்பேற்கவோ உறுதியளிக்கவோ எதிரில் யாரும் இல்லை.

மேற்குக் கரை சினாய் அல்ல என்பதும் உண்மையே. ஹெப்ரோனும் எருசலேமும் வெறும் பாலைவனமாக இருந்திருந்தால் இந்தச் சிக்கல் என்றோ தீர்ந்திருக்கும். இருந்தாலும் 2008இல் இஸ்ரேலியப் பிரதமர் ஓல்மர்ட் பாலஸ்தீன ஆணையத் தலைவர் அப்பாஸிடம் காட்டிய வரைபடம், மேற்குக் கரையின் மிகப் பெரும்பகுதியைப் பாலஸ்தீனத்துக்கு ஒதுக்கி, மீதிக்கு ஈடாக இஸ்ரேலுக்குள் நிலம் தருவதாக இருந்தது. பல பெரிய குடியேற்றங்கள் 1967 போருக்கு முந்தைய எல்லையை ஒட்டியே இருப்பதால், நிலமாற்றம் இன்றும் கணக்கில் வரக்கூடியதுதான், ஆனால் ஆண்டுதோறும் கடினமாகிக்கொண்டே போகிறது.

கயல்விழி:

மிக்க நன்றி. முடிவை முதலில் எழுத வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் பாலஸ்தீனத் தரப்பில் அதில் கையெழுத்திடும் தகுதி இன்று யாருக்கு இருக்கிறது?

திருமாறன்:

அம்மா, மிக அவசரமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். அப்பாஸ் 2005இல் நான்காண்டுப் பதவிக்காலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். கடைசி நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது 2006இல். அப்பாஸின் ஃபத்தா கட்சியைச் சேர்ந்த மர்வான் பர்கூத்திக்கு மக்களிடையே பரவலான ஆதரவு இருக்கிறது, ஆனால் ஆயுள் தண்டனை பெற்ற அவர் 2002 முதல் இஸ்ரேலியச் சிறையில் இருக்கிறார். 2021இல் அறிவித்த தேர்தலை, கிழக்கு எருசலேமில் வாக்களிக்க இஸ்ரேல் அனுமதிக்கவில்லை என்ற காரணத்தைக் காட்டி அப்பாஸ் ஒத்திவைத்தார். தோல்வி பயமும் இருந்தது என்பது பலரின் கருத்து. எனக்கும் அதுவே சரியாகத் தோன்றுகிறது. ஆனால் 1996, 2005, 2006 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கிழக்கு எருசலேம்வாசிகள் அங்குள்ள அஞ்சலகங்களில் வாக்களித்தார்கள். இஸ்ரேலும் அதற்கு இடம் கொடுத்தது. பாலஸ்தீனத்தை அங்கீகரித்த அரசுகள் அந்த அஞ்சலக ஏற்பாட்டை மீட்டுத்தருமாறு இஸ்ரேலையும், தேர்தல் தேதியை அறிவிக்குமாறு அப்பாஸையும் ஒருசேர வற்புறுத்தலாம்.