கோத்தகிரியில் பறந்தேன், பிடோக்கில் தவழ்கிறேன்: வாரப் பயிற்சியில் எங்கே தப்பு?

பிடோக்ஆமை:
வணக்கம். சிங்கப்பூரில் பிடோக் வட்டாரத்தில் இருக்கிறேன். வயது 38, நாற்காலி வேலை, நான்கு வருடமாக ஓடுகிறேன். அரை மாரத்தான் மூன்று முடித்தாயிற்று, டிசம்பரில் முதல் முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இப்போது செப்டம்பர் ஆரம்பம், பயம் வந்துவிட்டது.

போன மாதம் மாமனார் வீட்டுக்கு, கோத்தகிரிக்குப் போயிருந்தேன். காலையில் தேயிலைத் தோட்டம் நடுவே 10 கிமீ, மேடு பள்ளம் எல்லாம் சேர்த்து 59 நிமிடம். கிட்டத்தட்ட 1800 மீட்டர் உயரத்திலேயே இப்படி ஓடுகிறோமே, சிங்கப்பூர் தரைமட்டத்தில் இன்னும் பிய்த்து உதறலாம் என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். வந்து பத்து நாளாயிற்று. அதே வேகத்தில் நாலு கிமீ தாண்ட முடியவில்லை.

போன வாரம் செய்தது: திங்கள் ஓய்வு. செவ்வாய் மாலை 7 மணிக்கு பிடோக் நீர்த்தேக்கத்தை இரண்டு சுற்று, 8.6 கிமீ. புதன் மைதானத்தில் 800 மீட்டர் ஆறு தடவை. வியாழன் 8 கிமீ, கொஞ்சம் வேகமாக. சனி 6 கிமீ. ஞாயிறு கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் 20 கிமீ என்று திட்டம், காலை 7:45க்கு ஆரம்பித்தேன், சனிக்கிழமை இரவு தூங்க நேரமாகிவிடுகிறது, அதனால்.

செவ்வாய்க்கிழமை மெதுவாக ஓடும்போதே கைக்கடிகாரம் இதயத்துடிப்பு 176 என்று காட்டியது. 220லிருந்து வயதைக் கழித்தால் என் உச்சத் துடிப்பே 182தானே வருகிறது? ஞாயிறு இன்னும் மோசம். 13வது கிமீ, பிடோக் ஜெட்டி பக்கம், தலை விண்விண் என்று தெறித்தது, கையில் புல்லரித்தது, அந்த வெயிலில் குளிர்கிற மாதிரி இருந்தது. நின்றேன். பாய் விரித்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மக்சிக் (மலாய் அம்மா) எழுந்து வந்து "டுடுக், டுடுக்" என்று உட்கார வைத்து, ஐஸ்பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து என் பின்கழுத்தில் வைத்துவிட்டுத்தான் போனார். மீதி 7 கிமீ ஓடவில்லை, பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன்.

உடம்பு கெட்டுவிட்டதா, பயிற்சி கெட்டுவிட்டதா? முழு மாரத்தானை விட்டுவிட வேண்டுமா?

தேக்காகாளை:
வாட்ச் பழசு போல, மாற்றுங்கள். ஓடுவதற்கு முன் வாழைப்பழம் ரெண்டு. எனக்கு அதுதான் வேலை செய்கிறது.

பிடோக்ஆமை:
வாட்ச் வாங்கி ஆறு மாதம். வாழைப்பழம் தினமும் உள்ளே போகிறது அண்ணே.

மழைக்காகம்:
தம்பி, பதில் சொல்வதற்கு முன் நாலு கேள்வி. ஊரில் மொத்தம் எத்தனை நாள்? செவ்வாய் ஓட்டத்தில் நிமிடத்துக்கு எத்தனை காலடி என்று அதே கடிகாரம் காட்டியது? ஞாயிறு ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தீர்களா? என்ன குடித்தீர்கள், எவ்வளவு?

இரவுப்பணிஅக்கா:
நான் செவிலியர், 10 கிமீ ஓட்டக்காரி, அவ்வளவுதான். ஆனாலும் முதலில் என் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். வலி மாத்திரை எதுவும் போட்டுக்கொண்டு ஓடுகிறீர்களா? வெயிலில் புல்லரிப்பும் குளிரும் வந்தால் அது உடம்பு சூட்டைச் சமாளிக்க முடியாமல் திணறுகிற அறிகுறி. நின்றது நல்லது. அந்த மக்சிக் என்னைவிட நல்ல நர்ஸ்.

பிடோக்ஆமை:
ஊரில் 22 நாள். காலடி எண்ணிக்கை இப்போதுதான் போய்ப் பார்த்தேன், 175, 176. எடை பார்க்கவில்லை. ஞாயிறு அரை லிட்டர் பாட்டில் ஒன்று, வெறும் தண்ணீர். மாத்திரை... ஆமாம் அக்கா, இடது முழங்கால் முனகுவதால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐபுபுரோஃபென் ஒன்று போட்டுவிட்டுக் கிளம்புவேன். அது தப்பா?

இரவுப்பணிஅக்கா:
தப்புதான். உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஏற்கெனவே குறையும். ஐபுபுரோஃபென் வகை மாத்திரை அதை இன்னும் குறைக்கும். வெயில், நீண்ட ஓட்டம், இந்த மாத்திரை மூன்றும் ஒரே காலையில் சேரக்கூடாது. மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்றால் அன்றைக்கு ஓடாதீர்கள், முழங்காலை மருத்துவரிடம் காட்டுங்கள். ஞாயிறு அனுபவத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஓட்டத்துக்குப் பிறகு சிறுநீர் கோப்பி நிறத்தில் போனாலோ, கூட ஓடுகிறவர் பேச்சுக் குழறினாலோ, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தாலோ, யோசிக்காமல் 995ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வருகிற வரை நிழலில் படுக்கவைத்துத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.

மழைக்காகம்:
இப்போது கதை தெளிவாகிவிட்டது. உங்களிடம் இரண்டு தனித்தனிப் பிரச்சினை இருக்கிறது, ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள்.

செவ்வாய்க்கிழமை 176 உங்கள் இதயம் இல்லை, உங்கள் கால். மணிக்கட்டில் வெளிச்சம் பாய்ச்சித் துடிப்பை எண்ணுகிற கடிகாரம், வியர்வையில் பட்டை வழுக்கி ஆடினால், காலடியின் அதிர்வைத் துடிப்பு என்று எண்ணிவிடும். காலடி 176, துடிப்பு 176, ரெண்டும் ஒட்டிக்கொண்டு போகிறதென்றால் சந்தேகமே வேண்டாம். மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றி இறுக்கிக் கட்டுங்கள். சந்தேகம் வந்தால் சட்டென்று நின்று கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். உடனே எண்ண வேண்டும், நின்றதும் இறங்க ஆரம்பித்துவிடும். 220 கழித்தல் வயது என்பதெல்லாம் கூட்டத்துக்கான சராசரி, தனி ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு இப்படி அப்படி இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது நிஜம். சூட்டில் ஓடிப் பழகிய உடம்பில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் வரும், அதில் உப்பு குறையும். இது வர 10 முதல் 14 நாள் ஆகும். குளிர்ந்த ஊரில் மூன்று வாரம் இருந்தால் பெரும்பகுதி கழன்றுவிடும். மலையில் கால் பலமாயிற்று, வெயில் பழக்கம் போய்விட்டது. அந்தப் பழக்கம் இல்லாத உடம்போடு, இறங்கிய வாரமே 47 கிமீ திட்டம், அதில் மூன்று நாள் கடுமையான ஓட்டம், ஞாயிறு வெயில் ஏறுகிற நேரத்தில் 20. மாரத்தானை விட வேண்டாம். திரும்பப் பழகுவது முதல் தடவையைவிடச் சீக்கிரம் நடக்கும்.

தேக்காகாளை:
காலை 6 மணிக்கே ஈரப்பதம் 95% என்று போடுகிறான், சாயங்காலம் 70தான். அப்போ சாயங்காலம்தானே நல்லது?

மழைக்காகம்:
எல்லோரும் விழுகிற குழி இது. அந்தச் சதவீதம் வெப்பநிலையோடு சேர்ந்து ஆடும். நம் ஊரில் பனிநிலை, அதாவது காற்றிலிருக்கும் ஈரம் நீராகப் படிகிற வெப்பநிலை, காலையிலும் மாலையிலும் பெரும்பாலும் 24 டிகிரியை ஒட்டியே இருக்கும். காற்றில் இருக்கும் நீராவி கிட்டத்தட்ட அதே அளவு, சூடு ஏறுவதால் சதவீதம் இறங்குகிறது, அவ்வளவுதான். காலையில் காற்றும் தரையும் ஆறியிருக்கும், வெயில் கிடையாது, மொத்தத்தில் சுமை குறைவு. எந்த நேரமானாலும் வியர்வை ஆவியானால்தான் உடம்பு ஆறும், சட்டை நுனியில் சொட்டுகிறது பாருங்கள், அது வீண் வியர்வை.

சதவீதத்தை விட்டுவிட்டு, வானிலை காட்டுகிற மைஎன்வி செயலியில் டபிள்யூபிஜிடி என்று வரும் எண்ணைப் பாருங்கள். வெப்பம், ஈரம், வெயில், காற்று நாலையும் சேர்த்த எண் அது. 31க்குக் கீழே வெப்ப ஆபத்து குறைவு, 31லிருந்து 33க்குள் நடுத்தரம், 33 தொட்டால் அதிகம். குறைவு என்று போட்டாலும் மாரத்தான் பயிற்சிக்கு அது ஊட்டிக் குளிர் ஆகிவிடாது.

இன்னொன்று, 7:45 என்பது இங்கே தாமதம். 1982ல் நம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள், அதனால்தான் வருடம் முழுக்க ஏழு மணியை ஒட்டி விடிகிறது. 5:15 என்றால் கேட்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் விடிவதற்குள் ஒன்றே முக்கால் மணி நேரம் கிடைக்கிறது.

வாட்டர்பரேட்:
தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பயிற்சியில், தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டச் சொல்வார்களே, அந்தப் பழக்கத்தில் நான் ஒரு நீண்ட ஓட்டத்தில் மூன்று லிட்டர் வெறும் தண்ணீர் குடித்து, வீங்கிய விரலோடு வாந்தி எடுத்தவன். அதனால் "நிறையக் குடி" என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். ஓடி முடித்து எடை ஏறியிருந்தால் போனதைவிட அதிகம் குடித்துவிட்டீர்கள், அது ஆபத்து. எடை பார்க்கும்போது துணியில்லாமல், துடைத்துவிட்டுப் பாருங்கள், நனைந்த சட்டையும் காலணியும் எடையைப் பொய்யாக்கும்.

பிடோக்ஆமை:
எல்லோருக்கும் நன்றி. இந்த வாரம் என்ன ஓட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், தலை சுற்றுகிறது (இது வெயிலால் இல்லை).

மழைக்காகம்:
முதலில் அக்கா சொன்ன மருத்துவரைப் பாருங்கள். அவர் சரி என்றால், இரண்டு வாரத்துக்கு வேகம் என்ற வார்த்தையே வேண்டாம். கடிகாரத்தில் வேகம் காட்டும் பக்கத்தை மறைத்துவிடுங்கள். எல்லா ஓட்டமும் முழு வாக்கியம் பேச முடிகிற அளவில். கிமீக்கு 7:15 வந்தாலும் 7:40 வந்தாலும் சரி. புதன் 800 மீட்டர் ரத்து. வியாழன் "கொஞ்சம் வேகமாக" என்கிறீர்களே, எல்லோரையும் கவிழ்க்கிறது அந்த ஓட்டம்தான், ஓய்வும் கிடைக்காது, வேகமும் ஏறாது. அதற்குப் பதில் மெக்ரிட்சி காட்டுப்பாதையில் நிழலில் ஒரு மணி நேரம், மேட்டில் நடந்தே ஏறலாம். கையில் பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம், குரங்கு பறித்துவிடும். ஞாயிறு 12, அடுத்த ஞாயிறு 15. அவ்வளவுதான்.

சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் அடித்துக்கொண்டு வருகிற காற்றுமழைக் காலம் இன்னும் முடியவில்லை. இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள், கூரையும் சுவரும் உள்ள கட்டடத்துக்குள் போங்கள். என் பெயரைப் பார்த்து நான் மழையில் ஓடுவேன் என்று நினைக்காதீர்கள், மழையில் நனைந்துகொண்டு பஸ்ஸுக்கு நின்ற கதை அது.

இரவுப்பணிஅக்கா:
குடிப்பதற்கு என் வழி: தாகத்துக்கு ஏற்றபடி சிறுசிறு மடக்காக, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் உப்புச் சேர்த்தது. ஒரு கிராம் உப்பில் சுமார் 400 மில்லிகிராம் சோடியம். ஓடிவிட்டு வந்து நீர்மோரில் உப்புப் போட்டு ரெண்டு டம்ளர், எனக்கு ஐசோடோனிக் பானத்தைவிட அதுதான் இறங்குகிறது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இதைப் பார்த்து உப்பைக் கொட்டிக்கொள்ள வேண்டாம்.

பிடோக்ஆமை (16 நாள் கழித்து):
என்ன ஆயிற்று என்று சொல்ல வந்துவிட்டேன்.

மருத்துவர் பார்த்தார், ரத்தப் பரிசோதனை சரி. முழங்காலுக்கு மாத்திரை வேண்டாம், தொடைக்கும் இடுப்புக்கும் பயிற்சி செய்யுங்கள் என்று ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தார்.

முதல் செவ்வாய், நீர்த்தேக்கத்தில் ஒரு சுற்று முடித்ததும் நின்று கழுத்தில் விரல் வைத்தேன். கடிகாரம் 174 என்கிறது, விரல் 36 எண்ணியது, 144! பக்கத்தில் தாய்ச்சி பண்ணிக்கொண்டிருந்த தாத்தா, இவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஓடி வந்துவிட்டார். பட்டையை மேலே ஏற்றிய பிறகு கடிகாரமும் விரலும் ஒத்துப்போகின்றன. தேக்காகாளை அண்ணே, வாட்சை மாற்றவில்லை, இடத்தை மாற்றினேன்.

மெதுவாக ஓடுவதுதான் கஷ்டமாக இருந்தது. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் என்னைத் தாண்டிப் போனார். இரண்டு முறை.

நேற்று ஞாயிறு 15 கிமீ, 5:20க்கு ஆரம்பித்து 1 மணி 50 நிமிடம். முன்பு எடை 68.4, பின்பு 66.9. குடித்தது 700 மில்லி. அப்படியென்றால் போன வியர்வை 2.2 லிட்டர், சரியா? மணிக்கு 1.2. வெறும் அரை லிட்டரோடு வெயிலில் 20 கிமீ கிளம்பிய ஆளை இப்போது நினைத்தால் எனக்கே கோபம் வருகிறது. கடைசி கிமீ துடிப்பு 158, புல்லரிப்பு இல்லை. ஒரே தொல்லை, பத்தாவது கிமீக்கு மேல் காலணி சளக் சளக் என்கிறது, சுண்டுவிரலில் கொப்புளம்.

வாட்டர்பரேட்:
கணக்கு சரி. போன அத்தனையையும் ஓடும்போதே குடித்து நிரப்ப வேண்டியதில்லை. காலில் வழிகிற வியர்வைதான் காலணிக்குள் போகிறது, பருத்திக் காலுறையைத் தூக்கிப் போடுங்கள், விரலுக்கு வாசலின். வீட்டுக்கு வந்ததும் உள்தட்டை உருவிவிட்டு, பழைய தமிழ் முரசுத் தாளைச் சுருட்டித் திணியுங்கள், ஒரு மணி நேரத்தில் ஒரு தடவை தாளை மாற்றுங்கள். இரண்டு ஜோடி வைத்து மாறி மாறிப் போட்டால் இன்னும் நல்லது.

தேக்காகாளை:
இடத்தை மாற்றினேன் என்று பஞ்ச் வேறு. சரி, அடுத்த ஞாயிறு எத்தனை?

பிடோக்ஆமை:
18. நீர்த்தேக்கம் நாலு சுற்றும் கொஞ்சமும். 5:15, எம்ஆர்டி ரயில் நிலையத்துப் பக்கத்து வாசல். ரயில் அந்நேரம் கிடையாது, நடந்தோ சைக்கிளிலோதான் வர வேண்டும்.

மழைக்காகம்:
வருகிறேன். பேச முடியாத வேகத்தில் ஓடினீர்கள் என்றால் முதல் சுற்றிலேயே கழன்று தோசை சாப்பிடப் போய்விடுவேன்.

இரவுப்பணிஅக்கா:
எனக்கு அன்று இரவுப் பணி முடிகிற நேரம். ஓட மாட்டேன், தோசைக்கு வருகிறேன்.